ஜீரோ வாட் பல்பும் சந்தன்நகர் ஒளி வளைவும்

பிரெஞ்சு இந்தியாவின் ஊர்கள் ஐந்து. எங்கள் தொடக்கப் பள்ளியில் அவற்றை ஒரே மூச்சில் ஒப்பிக்க வேண்டும்: பொந்திஷேரி, காரிக்கால், மாயே, யானாவோன், ஷாந்தெர்நாகோர். நான் ஒப்பித்த காலத்தில் கடைசி ஊர் பிரான்சை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கள் பாடப்புத்தகத்துக்குத்தான் அந்தச் செய்தி வந்து சேரவில்லை. 1949 ஜூனில் வாக்கெடுப்பு நடந்தது. 1950 மே 2 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1952 ஜூன் 9 அன்று சட்டப்படியும் சேர்ந்தது. 1954 அக்டோபர் 2 முதல் மேற்கு வங்கத்தோடு கலந்துவிட்டது. நம் பிரதிநிதிகள் கீழூரில் கூடி வாக்களித்தது அதே அக்டோபர் 18ஆம் தேதி. பதினாறு நாள்தான் இடைவெளி.

இன்று புதுச்சேரியில் சந்தன்நகரை நினைப்பவர்கள் குறைவு. வங்காளத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் பிரெஞ்சுக்காரர் நினைவு வருவதில்லை. 'ஆலோ' என்பார்கள். ஆலோ என்றால் வெளிச்சம். கொல்கத்தாவில் துர்கா பூஜைக்குத் தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை நிற்கும் விளக்கு வளைவுகள், மயில் தோகை விரிப்பது போலவும் ரயில் ஓடுவது போலவும் காட்டும் விளக்குப் பலகைகள், இவற்றில் பெரும்பகுதி சந்தன்நகர்க்காரர்களின் கைவேலை. கொல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கும் அந்தச் சின்ன ஊர், விளக்கு கட்டுவதையே ஊர்த் தொழிலாக வைத்திருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்தான் இதைக் கற்றுக்கொடுத்தார்கள் என்று எழுதுபவர்கள் உண்டு. நான் பிரெஞ்சில் படித்தவன், அப்படி இருந்தால் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பிரான்சில் ஜூலை 14ஐத் தேசிய விழாவாக்கும் சட்டம் 1880இல் வந்தது. அன்று மாலை பொதுக் கட்டடங்களில் விளக்கேற்றுவது அரசாங்க வேலை. விளக்கு என்றால் லாம்பியோன். ஒரு கிண்ணம், அதில் எண்ணெயோ உருக்கிய கொழுப்போ, நடுவில் திரி. மரச்சட்டத்தை வளைவாகச் செய்து, அதில் வண்ணக் கண்ணாடிக் கிண்ணங்களை வரிசையாக மாட்டி ஏற்றினால், இருட்டில் சட்டம் மறைந்துபோகும். புள்ளிகளால் ஆன வளைவு மட்டும் காற்றில் நிற்கும். நம் கோயில் கருவறை வாசலில் திருவாசியில் அகல்கள் வரிசையாக எரிவதைப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிறகு வந்த பல்பும், அதற்குப் பிறகு வந்த எல்.ஈ.டி.யும் அந்தக் கிண்ணம் இருந்த இடத்தில்தான் உட்கார்ந்தன. சட்டம் மாறவே இல்லை.

புதுச்சேரியிலும் 'கத்தோர்ஸ் ஜுய்யே' வந்தால் கட்டடங்களுக்கு விளக்கு உண்டு. அதற்கு முதல் நாள் மாலை சொல்தாக்கள் விளக்கு ஏந்திப் போகும் ஊர்வலம் இன்றும் நடக்கிறது. ஆனால் அந்த வெளிச்சம் மேலிருந்து உத்தரவாக வந்த வெளிச்சம். எண்ணெய்க்குக் கஜானா பணம் கொடுக்கும், மறுநாள் கிண்ணங்களை எண்ணி வாங்கிக் கிடங்கில் வைத்துப் பூட்டுவார்கள்.

சந்தன்நகரின் விளக்கு வேறு வழியாக வந்தது. துர்கா பூஜை முடிந்து ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து அங்கே ஜகத்தாத்ரி பூஜை. பிரெஞ்சுக்காரரிடம் திவானாக இருந்த இந்திரநாராயண் சௌதுரி, கிருஷ்ணநகர் அரசர் கிருஷ்ணசந்திரரின் பூஜையைப் பார்த்துவிட்டு வந்து இங்கே தொடங்கினார் என்பது ஊர் வழக்கு. மிகப் பழைய பூஜை அரிசி மண்டித் தெருவான சாவுல்பட்டியில் நடப்பது என்பதைக் கவனிக்க வேண்டும். அரிசி வியாபாரிகளின் பூஜை அது. மற்றவை 'பாரோவாரி' பூஜைகள், அதாவது தெருவில் வசூல் செய்து நடத்துபவை. வங்காளியில் பாரோ என்றால் பன்னிரண்டு, யார் என்றால் நண்பன். பன்னிரண்டு நண்பர்கள் சேர்ந்து காசு போட்டு முதல் பொதுப் பூஜையை நடத்தியதால் அந்தப் பெயர் என்பார்கள். அதுவும் அதே ஹூக்ளி மாவட்டத்தில்தான். ஆக, ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் உள்ள போட்டிதான் விளக்கை வளர்த்தது. நம் ஊரில் மாசி மகத்துக்கும் ஆடித் திருவிழாவுக்கும் இரண்டு தெருக்காரர்கள் ஒலிபெருக்கியில் மோதிக்கொள்வார்கள். அவர்கள் விளக்கில் மோதிக்கொண்டார்கள். காதுக்கு அது நல்லது.

கடைசி நாளான தசமி இரவு சிலைகள் ஆற்றுக்குப் போகும். விடிய விடிய ஊர்வலம். முன்காலத்தில் தீவட்டி, பிறகு பெட்ரோமாக்ஸ், பிறகு டியூப் லைட். அதன் பிறகுதான் சின்ன பல்பு வந்தது. ஓடும் விளக்குகளால் படம் காட்டும் கலைக்கு அந்த ஊரில் முன்னோடியாக மதிக்கப்படுபவர் ஸ்ரீதர் தாஸ். பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது சரஸ்வதி பூஜைக்கு விளக்கு கட்டியதில் அவருடைய தொழில் தொடங்கியது. அவர் வேலை வெளிநாடுகள் வரை போனது.

அந்தச் சின்ன பல்பின் கணக்கைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் மின்சாரம் சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்தில் பல ஆண்டுகள் எழுத்தராக இருந்தவன். பொறியாளன் அல்ல. ஆனால் திருவிழாத் தற்காலிக இணைப்பு மனுக்கள் என் மேசைக்குத்தான் வரும். கேட்டுக் கேட்டு இந்தக் கணக்கு எனக்கும் பழகிவிட்டது.

அந்தப் பல்பு ஆறு வோல்ட் சொச்சம் தாங்கும், அவ்வளவுதான். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். எனவே 37 பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் ஆளுக்கு ஆறே கால் வோல்ட் பங்கு கிடைக்கும். இதைத்தான் சீரியல் செட் என்றோம். ஒன்று போனால் முப்பத்தேழும் போகும். போனது எது என்று கண்டுபிடிக்க நேரம் இல்லாத செட்டுக்காரர் அந்த இடத்தில் இரண்டு கம்பியையும் முறுக்கி விட்டுவிடுவார். இப்போது 36 பல்புகள் அதே 230 வோல்ட்டைப் பங்கு போட வேண்டும். ஒவ்வொன்றும் சற்றுக் கூடுதலாகத் தின்னும், கூடுதலாக ஒளிரும், சீக்கிரம் சாகும். மூன்று நாள் திருவிழாவில் மூன்றாம் நாள் விளக்கு பிரகாசமாக இருந்தது என்றால் அதற்குக் காரணம் இதுதான்.

ஓட்டத்துக்கு ரோலர். சின்ன மோட்டாரில் சுற்றும் மர உருளை, அதன் மேல் கணக்குப் பார்த்து வெட்டி ஒட்டிய செம்புத் தகடு, தகட்டை உரசிக்கொண்டு நிற்கும் கம்பி நாக்குகள். உருளை சுற்றச் சுற்ற ஒரு வரிசை அணைந்து அடுத்தது எரியும். தண்ணீர் ஓடும், சக்கரம் சுற்றும், அனுமார் மலையைத் தூக்குவார். எல்லாம் அந்தத் தகட்டை வெட்டியவரின் மூளைக்குள் இருந்து வந்தவை. சந்தன்நகரில் இதை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தினார்கள். நம் பக்கத்திலும் ரோலர் வெட்டத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். எங்கள் தெருவின் செட்டுக்கார அண்ணன் ஒருவர் காலண்டர் அட்டையில் கோடு போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தகட்டில் கத்தரியை வைப்பார். எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் அவருக்கு வரும். ஆனால் நான்கு வரிசை விளக்கு எந்த நொடியில் எங்கே இருக்கும் என்று அட்டையைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

வளைவுக்கு மட்டும் நம் ஊரில் சின்ன பல்பு போதாது என்று 'ஜீரோ வாட்' பல்பு போடுவார்கள். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் சாயம் பூசிய குண்டு பல்பு. பெயரைக் கேட்டு ஏமாறக் கூடாது. அது 12 முதல் 15 வாட் வரை இழுக்கும். பழைய மீட்டர்கள் அவ்வளவு சின்ன சுமைக்கு அசையாததால் அந்தப் பெயர் வந்தது. விழாக்குழுவினர் மனுவில் 'ஜீரோ வாட் பல்பு 400' என்று எழுதி, மொத்தச் சுமை என்ற கட்டத்தில் சுழி போட்டுக் கொண்டுவருவார்கள். நானூறைப் பதினைந்தால் பெருக்கினால் 6 கிலோவாட். அதைச் சொன்னால், "ஐயா, பேர்லயே ஜீரோன்னு இருக்குதே" என்பார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

இருபதடி அகலத் தெருவுக்கு ஓர் அரைவட்ட வளைவு என்றால் மேல் வளைவு 31 அடி, இரண்டு கால்களும் பத்துப் பத்து அடி, ஆக 51 அடி. அரையடிக்கு ஒரு பல்பு வீதம் 102. ஒரே வரிசைக்கு 1,530 வாட். ஒரு தெருவில் பத்து வளைவு நின்றால் பதினைந்து கிலோவாட். சாயம் பூசிய பல்பில் பெரும்பகுதி வெப்பமாகப் போகும். மிச்சமிருக்கும் வெளிச்சத்திலும் வேண்டிய நிறம் தவிர மற்றதைச் சாயமே விழுங்கிவிடும். அப்படியும் அழகாகத்தான் இருந்தது.

ஆனால் அழகைப் பற்றி மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

சீரியல் பல்பு ஆறு வோல்ட்தானே, தொட்டால் என்ன என்று பல பேர் நினைத்தார்கள். பல்பு எரியும்போது அதன் இரண்டு முனைக்கும் நடுவே ஆறு வோல்ட் என்பது உண்மை. ஒரு பல்பைக் கழற்றிய மறுகணம் நிலைமை வேறு. ஓட்டம் அறுந்துவிட்டதால் மற்ற 36 பல்புகளும் வெறும் கம்பிகளாகிவிடும். முழு 230 வோல்ட்டும் அந்த வெறும் ஹோல்டரின் இடைவெளியில் வந்து நிற்கும். எல்லா விளக்கும் அணைந்திருப்பதால் கரண்ட் இல்லை என்று நினைத்து விரலை வைப்பார்கள். மழையில் நனைந்த சவுக்குக் கம்பு, ஈரக் கை, வெறுங்கால்.

ஓர் ஆடி மாதம் அப்படித்தான் ஒரு பையன் போனான். பதினேழு வயது. செட்டுக்காரரிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தவன். வளைவின் உச்சியில் ஒரு வரிசை அணைந்துவிட்டது, சுவாமி புறப்படும் நேரம், ஏறினான். அந்த விபத்தின் அறிக்கை பல மேசைகளைக் கடந்து என் பிரிவுக்கும் வந்தது. 'இறந்தவரின் கவனக்குறைவு' என்று முடித்திருந்தார்கள். கவனக்குறைவு என்பது எங்கள் அலுவலக மொழியில் மிகவும் வசதியான சொல். கோப்பு மூடிவிடும், யாரும் எதையும் மாற்ற வேண்டாம். அந்தப் பையன் தொட்டது அணைந்த விளக்கை. அணைந்த விளக்கு கொல்லும் என்பதை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அவனுடைய அம்மா அலுவலக வராந்தாவில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார்கள். ஆகவே, 'அந்தக் காலத்து விளக்கின் அழகே தனி' என்று யாராவது பேசும்போது நானும் தலையாட்டுவேன், ஆனால் முழு மனதாக ஆட்ட முடிவதில்லை.

எல்.ஈ.டி. இந்தக் கதைக்குள் மெதுவாகத்தான் நுழைந்தது. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.ஈ.டி.யை அமெரிக்காவில் நிக் ஹோலன்யாக் 1962இல் செய்தார். பிரான்ஸ் நம்மைச் சட்டப்படி விட்டுக்கொடுத்த ஆண்டும் அதுதான். பிறகு பச்சை, மஞ்சள். நீலம் மட்டும் வரவில்லை. நீலம் இல்லாமல் வெள்ளை இல்லை, வெள்ளை இல்லாமல் விளக்கு இல்லை. ஜப்பானில் நிச்சியா நிறுவனத்தில் வேலை பார்த்த ஷுஜி நாகமுரா 1993இல் நல்ல பிரகாசமான நீலத்தைக் கொண்டுவந்தார். அதற்கு முன்பே அடிப்படை வேலையைச் செய்திருந்த அகாசாகி, அமானோ இருவரோடும் சேர்த்து 2014இல் அவருக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது. நீல எல்.ஈ.டி.யின் மேல் மஞ்சள் ஒளிர்பொருள் பூசினால் வெள்ளை. இன்று நம் வீட்டில் எரிவது பெரும்பாலும் அதுதான்.

சந்தன்நகரில் 2000க்குப் பிறகு சின்ன பல்பை எல்.ஈ.டி. வேகமாக விரட்டியது. அதற்குப் பிறகு பட்டையாகவே வந்துவிட்டது, நாம் ஸ்ட்ரிப் லைட் என்கிறோமே அது. ஐந்து மீட்டர் சுருள், 12 வோல்ட், மீட்டருக்கு அறுபது விளக்கு. மூன்று விளக்கும் ஒரு சின்ன ரெசிஸ்டரும் சேர்ந்தது ஒரு குடும்பம். அப்படிப்பட்ட குடும்பங்கள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு கத்தரிக்கோல் குறி இருக்கும், அங்கே வெட்டலாம். ஒரு குடும்பம் அணைந்தால் மற்றவை எரிந்துகொண்டிருக்கும். எவரும் உச்சிக்கு ஓடி ஏற வேண்டியதில்லை. ஏறித் தொட்டாலும் பன்னிரண்டு வோல்ட், உலர்ந்த கைக்குத் தெரியக்கூடத் தெரியாது.

அதே 51 அடி வளைவு ஏறக்குறைய பதினைந்தரை மீட்டர். பட்டையின் வகையைப் பொறுத்து மீட்டருக்கு 5 முதல் 15 வாட் என்றால் மொத்தம் 75 முதல் 230 வாட். 1,530 எங்கே, இது எங்கே! ஆனால் வோல்ட் குறைந்தால் ஆம்பியர் கூடும். 230 வாட்டைப் பன்னிரண்டு வோல்ட்டில் கொடுக்க 19 ஆம்பியர் ஓட வேண்டும். மெல்லிய வயரைப் போட்டால் சூடேறி இணைப்பு உருகும். ஒரு முனையில் மட்டும் மின்சாரம் கொடுத்தால் ஐந்து மீட்டருக்கு அப்பால் பட்டை மங்கிக்கொண்டே போகும். வெள்ளையில் தொடங்கிய வளைவு மறுகாலை அடைவதற்குள் பழுப்பேறிவிடும். வேலை தெரிந்தவர்கள் ஐந்தைந்து மீட்டராக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகத் தடித்த வயர் கொண்டுபோவார்கள். பட்டையை அலுமினியக் காடிக்குள் ஒட்டுவார்கள், சூடு இறங்க. சிலிக்கான் பூசிய பட்டையாக வாங்குவார்கள், மழைக்கு.

இன்னொரு வகைப் பட்டையில் ஒவ்வொரு விளக்குக்குள்ளும் ஒரு சில்லு உண்டு. எந்த விளக்கு எந்த நொடியில் என்ன நிறம் என்று அதற்குத் தனியாகச் சொல்லலாம். ரோலர் செய்த வேலையை ஒரு தீப்பெட்டி அளவு கருவி செய்கிறது. செட்டுக்கார அண்ணன் காலண்டர் அட்டையில் போட்டதை இப்போது ஒரு பையன் கணினியில் போடுகிறான்.

பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு ஜகத்தாத்ரி பூஜைக்குச் சந்தன்நகர் போய் வந்தேன். ஒப்பித்த ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை. ஹூக்ளிக் கரையின் ஸ்ட்ராண்டில் நின்றால் நம் கடற்கரைச் சாலை நினைவு வரும். துய்ப்ளே புதுச்சேரிக்கு ஆளுநராக வருவதற்கு முன் பத்தாண்டு இங்கேதான் நிர்வாகம் செய்தார். ஊர் நுழைவில் 1937இல் கட்டிய வாயில் ஒன்று இருக்கிறது. பாஸ்தீய் வீழ்ச்சியின் நினைவாக எழுப்பியது, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று சொற்களும் பிரெஞ்சில் பொறித்திருக்கிறார்கள். கல் வாயில் அது. அதைத் தாண்டி உள்ளே போனால் தெருவுக்குத் தெரு மூங்கிலில் கட்டிய ஒளி வாயில்கள். கல் வாயிலை நான் ஒருவன்தான் நின்று படித்துக்கொண்டிருந்தேன்.

தசமி இரவு லாரிகள் வந்தன. ஒவ்வொரு லாரியிலும் ஒரு மாடி உயர விளக்குப் பலகை, பின்னால் இரையும் ஜெனரேட்டர். அந்த ஆண்டுச் செய்திகள், குழந்தைக் கதைகள், மிருகங்கள், எல்லாம் எல்.ஈ.டி.யில். நிறங்கள் கண்ணைக் குத்தின என்று நான் சொன்னால் வயதானவன் சொல்கிறான் என்பீர்கள். பழைய சின்ன பல்பு அணையும்போது இழை மெதுவாகச் சிவந்து அணையும். அதனால் ஓடும் தண்ணீர் உண்மையில் வழிவது போல இருக்கும். எல்.ஈ.டி. வெட்டியது போல அணைகிறது. தண்ணீர் படிக்கட்டில் குதிக்கிறது.

மறுநாள் ஒரு சந்தில் நடந்தபோது ஒரு வீட்டுத் திண்ணையில் இரண்டு பெண்கள் துளையிட்ட பலகையில் விளக்குகளை ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டிருந்தார்கள். பூஜை முடிந்த கையோடு எந்த ஊர் ஆர்டரோ தெரியவில்லை. எண்ணிக்கைக் கூலி என்று சைகையில் சொன்னார்கள். கோத்தே வரும் சீனச் சரங்களும் சுருள் பட்டைகளும் குறைந்த விலைக்குக் கடையில் தொங்குவதால் இந்தக் கைவேலைக்குக் கேட்பவர்கள் குறைந்துபோனார்கள் என்பது அங்கே எல்லோரும் சொல்வது. பெரிய பலகை செய்பவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள். வெறும் வளைவும் சரமும் கட்டிப் பிழைத்தவர்களுக்குத்தான் அடி. வளைவைத்தான் இப்போது யாரும் செய்யலாமே: ஒரு குழாயை வளைத்துப் பட்டையை ஒட்டினால் முடிந்தது. நம் செட்டுக்கார அண்ணனும் கடைசி வருடங்களில் ஒலிபெருக்கியையும் பந்தல் நாற்காலியையும் வாடகைக்கு விட்டுத்தான் குடும்பத்தை நடத்தினார். ரோலர்களைச் செம்பு விலைக்குப் போட்டுவிட்டார்.

பன்னிரண்டு வோல்ட் பற்றி மேலே சொன்னதில் ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். கடையில் எல்.ஈ.டி. என்று விற்பதெல்லாம் பன்னிரண்டு வோல்ட் அல்ல. விலை குறைவான சரங்கள் பலவற்றில் அடாப்டரே கிடையாது. பழைய சீரியல் செட் போலவே விளக்குகளை வரிசையாகக் கோத்து, நேராக 230 வோல்ட்டில் செருகுகிறார்கள். பிளாஸ்டிக் குழாய்க்குள் வரும் நீளப் பட்டைகளிலும் வீட்டு மின்சாரத்தில் நேராக ஓடுபவை உண்டு. அவற்றின் உறை கிழிந்தால் அந்த ஆடி மாதத்து ஹோல்டருக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. செருகும் இடத்தில் ஒரு கனமான அடாப்டர் இருக்கிறதா, அதன் மேல் 12 அல்லது 24 என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இப்போது பணியில் இருக்கும் பையன்களைச் சந்திக்கும்போது திருவிழா மனுக்களைப் பற்றிக் கேட்பேன். பெரிய கோயில்கள், பெரிய பந்தல்கள் தவிர யாரும் வருவதில்லை என்கிறார்கள். தெரு வளைவுகள் எல்லாம் பக்கத்துக் கடையின் பிளக்கிலேயே எரிந்துவிடுகின்றன.